பெரிய கல்வீடு, நாலு குடும்பம், ஒரு கிழமை: பிரான்ஸ் நாட்டுப்புறத்தில் பழைய மாளிகை வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா?

ஒவ்வொரு வருடமும் தை பிறந்த கையோடு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு படம் போடுவார்கள். தேன்நிறக் கல்லில் ஒரு வீடு, மூலையில் சின்னக் கோபுரம், முன்னால் நீச்சல் தடாகம், மரநிழலில் இருபது பேர் இருந்து சாப்பிடக்கூடிய நீள மேசை. "இதை எடுப்பமா?" அவ்வளவுதான், அரை மணித்தியாலத்தில் பன்னிரண்டு இதயக்குறி விழுந்துவிடும். படத்தில் கோபுரம் தெரியும். டொய்லெட் எத்தனை என்று தெரியாது.

பிரான்ஸின் தென்மேற்கே, தோர்தோன் ஆறு ஓடும் பெரிகோர் பக்கம், இப்படியான வீடுகளில் உறவினர்களோடு தங்கி, சில பிழைகளைக் காசு கொடுத்துப் படித்தவன் நான். பாரிஸ் பக்கமிருந்து முதல்முறை போகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். லண்டனிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ வந்து சேருகிறவர்களுக்கும் பயணப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

வீடு தேடுவதற்கு முன்பே ஆட்கணக்கு முடிய வேண்டும். "மாமா வந்தாலும் வருவார்" என்ற கணக்கு இங்கே சரிவராது. காரணம் 15 என்ற எண். ஒரு வாடகை வீட்டில் 15 பேருக்கு மேல் படுக்க இடமிருந்தால் பிரெஞ்சுச் சட்டம் அதைப் பொதுமக்களை ஏற்கும் இடமாகப் பார்க்கும். தீப்பாதுகாப்பு, அவசர வெளிவழி என்று தனி விதிகள் வந்துவிடும். முந்நூறு வருட மரப்படி உள்ள வீட்டில் அந்த விதிகளை நிறைவேற்றுவது பெருஞ்செலவு. அதனால்தான் எத்தனையோ பெரிய வீடுகளின் விளம்பரம் 14, 15 பேரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே போனால் 'ஜீத் த குரூப்' என்று தேட வேண்டும். நாட்டுப்புற விடுமுறை வீட்டுக்குப் பெயர் 'ஜீத்'. குழுவுக்கானது 'ஜீத் த குரூப்'.

14 பேர் வீட்டில் 17 பேரை இறக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பல ஒப்பந்தங்களில் கூடுதலாக வந்தவர்களை உரிமையாளர் வாசலிலேயே மறுக்கலாம் என்று எழுதியிருக்கும். தீயோ விபத்தோ வந்தால் காப்புறுதிக்காரர் கேட்கும் முதற்கேள்வியும் அதுதான். கைக்குழந்தையை ஓர் ஆளாக எண்ணுவார்களா என்பது வீட்டுக்கு வீடு மாறும்; கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

'ஷாம்பர் தோத்' என்று போட்டிருப்பதைத் தெரியாமல் பதிவு செய்கிறவர்களும் உண்டு. அது உரிமையாளரின் வீட்டிலேயே அறை எடுத்துத் தங்குவது. சட்டப்படி அதிகபட்சம் 5 அறை, 15 பேர், காலைச் சாப்பாடு அவர்கள் தருவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அவர்களுடைய குசினியில் நீங்கள் மீன்குழம்பு வைக்க முடியாது.

எல்லா ஷத்தோவும் கோட்டை அல்ல

'ஷத்தோ' என்ற சொல்லை அகழி சூழ்ந்த கோட்டைக்கும் போடுவார்கள், வைன் தோட்டக்காரரின் பெரிய வீட்டுக்கும் போடுவார்கள். 'மனுவார்' என்பது அதைவிடச் சிறிய, நாட்டுப்புறப் பிரபுவின் வீடு. பிரான்ஸின் வடமேற்கில் நொர்மாந்தி, பிரித்தானி பக்கம் 'லோன்ஜேர்' என்று நீளமான பண்ணைவீடுகள் உண்டு. தெற்கே புரோவான்ஸில் 'மாஸ்'.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது பெரிகோரிலும் போர்தோ பக்கத்திலும் உள்ள 'ஷார்த்ரூஸ்'. பெரும்பாலும் 17ஆம், 18ஆம் நூற்றாண்டில் கட்டியவை. கீழ்த்தளத்திலேயே அறைகள் வரிசையாக நீண்டுபோகும். அம்மம்மாவின் முழங்காலுக்கு அது போதும்.

புறாக்கூட்டுக் கோபுரம் உள்ள வீடுகளுக்குப் படத்தில் நல்ல மவுசு. புரட்சிக்கு முன் பல பிரதேசங்களில் புறாக்கூடு வைத்திருப்பது பிரபுக்களின் சலுகை. 1789 ஓகஸ்ட் 4ஆம் திகதி இரவு ஒழித்த சலுகைகளில் அதுவும் ஒன்று. இன்றைக்கு அதற்குள் ஒரு கட்டிலைப் போட்டு, தேனிலவு அறை என்று விளம்பரம் செய்கிறார்கள். ஏறுவது ஏணி மாதிரியான படியில். இரவில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் முற்றத்தைக் கடந்து பெரிய வீட்டுக்கு வர வேண்டியிருக்கும். புதுத் தம்பதிக்குக் கொடுங்கள், பெரியப்பாவுக்குக் கொடுக்காதீர்கள்.

விளம்பரத்தை எப்படி வாசிப்பது

இங்கேதான் விடுமுறை நல்லதா கெட்டதா என்பது முடிவாகிறது. படங்களை ஒருபக்கம் வைத்துவிட்டு உரிமையாளரிடம் தளப்படம் கேளுங்கள். கையால் கீறிய படம் என்றாலும் போதும்.

'கூஷாஜ்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது எத்தனை பேர் படுக்கலாம் என்ற எண். எத்தனை அறை என்பது அல்ல. 15 கூஷாஜ் என்றால் அதில் இரண்டு பேர் விருந்தறை சோபாவிலும் மூன்று பேர் படிக்கட்டின் தலைமாட்டிலும் இருக்கலாம். அறைகளை எண்ணுங்கள், பிறகு ஒவ்வோர் அறையிலும் என்ன கட்டில் என்று கேளுங்கள். 140 சென்ரிமீட்டர் கட்டிலையும் இருவர் கட்டில் என்றுதான் எழுதுவார்கள். எங்கள் சித்தப்பா ஒருவரே அதற்குக் காணும்.

அடுத்தது, ஓர் அறைக்குள்ளால் இன்னோர் அறைக்குப் போகிற அமைப்பு. பழைய வீடுகளில் நடைபாதை வைக்காமல் அறையோடு அறை தொடுத்துக் கட்டுவது வழக்கம். பார்க்க வடிவு. ஆனால் விடிய ஆறு மணிக்குப் பிள்ளை உங்கள் கட்டிலைச் சுற்றி நடந்து போகும். நாங்கள் ஒருமுறை எடுத்த வீட்டில், அதன் பெயர் வேண்டாம், எட்டு அறைக்கு இரண்டு குளியலறை. அதில் ஒன்றுக்குப் போகும் வழி மச்சானின் அறைக்குள்ளால். ஏழு நாளும் அவர் கதவைத் தட்டும் சத்தத்தில்தான் எழும்பினார். விளம்பரத்தில் அது பொய்யாகவும் எழுதப்படவில்லை. நாங்கள்தான் கேட்கவில்லை.

குளியலறைக் கணக்கோடு சுடுதண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். 300 லீட்டர் கொதிகலன் என்றால் அளவாகக் குளிக்கிற பத்துப் பேருக்குக் காணும். பதினொராவது ஆள் குளிர் தண்ணீரில் நிற்பார். பல வீடுகளில் மின்கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் மட்டும்தான் கொதிகலன் சூடேறும் என்பதால் காலையில் முடிந்தால் முடிந்ததுதான். பாதிப் பேர் இரவு, பாதிப் பேர் காலை என்று முதல்நாளே பிரித்துவிடுங்கள்.

நீச்சல் தடாகம் இருந்தால், 2003 ஜனவரி 3ஆம் திகதிச் சட்டப்படி நிலத்தில் பதித்த தனியார் தடாகத்துக்கு நான்கில் ஒரு பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும்: வேலி, மூடி, கூரை, அல்லது அலாரம். எது என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள கூட்டத்துக்கு அலாரம் மட்டும் என்றால் நான் அந்த வீட்டை எடுப்பதில்லை. விழுந்த பிறகுதான் அது சத்தம் போடும்.

கடைசியாக முகவரியை, இல்லாவிட்டால் ஊரையாவது வாங்கி, பிரான்ஸ் அரசின் இணைய வரைபடத்தில் வான்வழிப் படத்தைப் பாருங்கள். விளம்பரப் படத்தின் சட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அங்கே தெரியும்: பெருந்தெரு, ரயில்பாதை, பன்றிப் பண்ணை, ஐம்பது மீற்றரில் பக்கத்து வீடு.

பழமை உண்மைதானா?

'வரலாற்றுச் சின்னம்' என்று விளம்பரம் சொன்னால் சரிபார்க்க வழி உண்டு. 1913 டிசம்பர் 31ஆம் திகதிச் சட்டத்தில் தொடங்கிய முறைப்படி பாதுகாக்கப்படும் கட்டடங்கள் பண்பாட்டு அமைச்சின் மெரிமே என்ற தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஊர்ப்பெயரைக் கொடுத்தால் எந்தப் பகுதி பாதுகாக்கப்பட்டது என்றுகூடச் சொல்லும். சிலவேளை வீடு முழுவதும் இல்லை, வாயில்வளைவோ ஒரு படிக்கட்டோ மட்டும்தான். அதில் இல்லாததால் வீடு பழையது அல்ல என்று ஆகிவிடாது; நாட்டுப்புறத்தின் நல்ல பழைய வீடுகளில் பெரும்பகுதி எந்தப் பட்டியலிலும் இல்லை.

புதுப்பித்தது ஒழுங்கா என்று பார்க்க எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு: சுவரைச் சுண்ணாம்பால் பூசினார்களா, சீமெந்தாலா? அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாத பழைய கற்சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து அதை வெளியே விடும், சீமெந்து உள்ளே அடைத்து வைக்கும். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளைச் சுண்ணாம்பில் கட்டியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. சீமெந்து பூசிய பழைய வீட்டில் அலுமாரியைத் திறந்தால் பூஞ்சண மணம் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பெரிகோரில் 'லோஸ்' என்ற தட்டைக் கல் வேய்ந்த கூரைகளைக் காண்பீர்கள். ஒரு சதுரமீற்றருக்கு அரைத் தொன் அளவில் பாரம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த உத்தரங்கள் ஏன் அவ்வளவு தடிப்பு என்று விளங்கும். அதே உத்தரங்களில்தான் முதல் இரண்டு நாளும் எல்லாரும் நெற்றியை இடிப்பார்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு சொற்கள்

முற்பணத்துக்குப் பிரெஞ்சில் இரண்டு சொல். எந்தச் சொல் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து உங்கள் காசின் கதி மாறும்.

'ஆர்' என்று எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் விலகலாம். நீங்கள் விலகினால் கொடுத்த தொகை போய்விடும், மிச்சத்தைக் கேட்க மாட்டார்கள். உரிமையாளர் விலகினால் வாங்கியதை இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அகோந்த்' என்று எழுதியிருந்தால் அது முழு வாடகைக்குமான உறுதி. நீங்கள் வராவிட்டாலும் மிச்சத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. தொழில்முறையாக வாடகைக்கு விடுகிறவரிடம் கொடுத்த காசு, ஒப்பந்தத்தில் வேறு எதுவும் எழுதாவிட்டால், 'ஆர்' என்றே கருதப்படும்.

இணையத்தில் வாங்கிய சட்டையை 14 நாளுக்குள் திருப்பி அனுப்புகிற உரிமை, திகதி குறித்த விடுமுறை வீட்டுக்கு இல்லை. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். ஆகவே நாலு குடும்பமும் தங்கள் பங்கை ஒருவரின் கணக்கில் போட்ட பிறகே அந்த ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். "பிறகு தாறன் அண்ணை" என்பது சொந்தத்துக்குள் நல்லதல்ல.

கையெழுத்துக்கு முன் வீட்டின் விவரப் பத்திரத்தைத் தருவது உரிமையாளரின் கடமை. அறைகள், கட்டில்கள், வசதிகள், தூரங்கள் எல்லாம் அதில் இருக்கும். தொலைபேசியில் சொன்ன எதுவும் அதில் இல்லையென்றால் அது சொல்லப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாளோ அறுபதாம் கலியாணமோ வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். விருந்துக்கு அனுமதி இல்லாத வீடுகள் அதிகம்; அனுமதிக்கிற வீடுகளில் அதற்கு வேறு விலை.

உங்கள் வீட்டுக் காப்புறுதியில் 'வில்லேஜியாத்யூர்' என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். விடுமுறை வீட்டில் நீங்கள் ஏற்படுத்தும் தீ, தண்ணீர்ச் சேதத்துக்கு அது பொறுப்பேற்கும். பல உரிமையாளர்கள் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், ஒரு மின்னஞ்சலில் கிடைத்துவிடும். காசை உடனடிப் பணமாற்று நிலையம் வழியாக அனுப்பச் சொல்லும் உரிமையாளரை மட்டும் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வாடகைக்கு மேலே

வாடகை 3,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். நாலு குடும்பத்துக்கு 750 என்று சந்தோஷப்பட வேண்டாம். ஊராட்சிக்குப் போகும் தங்கும் வரி ஒவ்வோர் இரவுக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் உண்டு; 18 வயதுக்குக் கீழே இல்லை. கடைசித் துப்புரவுக்கு ஒரு தொகை. படுக்கை விரிப்பும் துவாயும் பல இடங்களில் தனிக்காசு, அல்லது நீங்களே கொண்டுபோக வேண்டும். குளிர்காலத்தில் மின்சாரத்தை மானிப்படி அறவிடுவார்கள், விறகு 'ஸ்தேர்' கணக்கில். அடுக்கி வைத்த ஒரு கனமீற்றர்தான் ஒரு ஸ்தேர். இதற்கெல்லாம் வெளியே பிணைத்தொகை, வழக்கமாகக் காசோலையாக. குடும்பங்களுக்கிடையே எப்படிப் பிரிப்பது? தலைக்கணக்கா, அறைக்கணக்கா? எங்கள் வீட்டில் அறைக்கணக்கு, தடாகம் தெரியும் அறைக்குக் கொஞ்சம் கூட.

போகும் நாள்

ஜூலை, ஓகஸ்ட்டில் பெரும்பாலான வீடுகள் சனியிலிருந்து சனிவரைதான். அதாவது நாடு முழுவதும் ஒரே நாளில் தெருவில் நிற்கும். போக்குவரத்து எச்சரிக்கைக்கு 'பிஸோன் ஃப்யூத்தே' என்ற அரசுச் சேவை உண்டு. பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நாட்களுக்கு நிறம் போடும். கறுப்பு என்றால் வெள்ளிக்கிழமை இரவே வெளிக்கிட்டு இடையில் எங்காவது தங்குவது நல்லது.

பாரிஸிலிருந்து பெரிகோரின் சார்லா நகரம் ஏறத்தாழ 520 கிலோமீற்றர். ஓர்லேயான் வழியாக வியர்ஸோன் வரை கட்டணப் பாதை. அங்கிருந்து பிரீவ் வரை ஏ20 நெடுஞ்சாலைக்குக் கட்டணம் இல்லை. ரயிலில் வருகிறவர்கள் பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸில் ஏறி பிரீவில் இறங்கலாம், நாலு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அங்கே யாராவது காரோடு நிற்க வேண்டும். காரில்லாமல் நாட்டுப்புற வீட்டில் ஒரு கிழமை என்பது தீவில் விட்ட மாதிரி.

பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் வாங்க வேண்டியதை முதல்நாளே வாங்கிவிடுங்கள். பாஸ்மதியும் தேங்காய்ப்பாலும் எந்தப் பெரிய சுப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் கிடைக்காது. ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு கிராமத்தில் கடை எதுவும் இராது, திங்களில் பாண்கடையும் பூட்டியிருக்கலாம். சனி பின்னேரம் வந்து சேருகிறவர்கள் இரண்டு நாள் சாமானோடு வர வேண்டும்.

திறப்பு கைக்கு வந்ததும்

பயணப்பெட்டியை இறக்கும் முன் உரிமையாளரோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். 'எத்தா தே லியூ' என்ற வீட்டுநிலைப் பத்திரத்தில் கீறல், வெடிப்பு, உடைந்த ஓடு எல்லாம் எழுதப்பட வேண்டும். அறை அறையாகக் கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள், மின்மானி உட்பட. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்தவர்களிடம் ஒரு படிவம் நிரப்பச் சொன்னால் பயப்பட வேண்டாம். வெளிநாட்டவர் தங்கினால் அந்தப் படிவத்தை ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

அவரை விடுவதற்கு முன் மூன்று இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்: மின் ஆளிப்பெட்டி, தண்ணீரைப் பூட்டும் இடம், குப்பை போடும் இடம். மின் ஆளி கட்டாயம் விழும். பல வீடுகளின் மின் ஒப்பந்தம் 9 கிலோவோல்ட் அம்பியர் அளவில்தான். ஒவனும் நாலு அடுப்பும் கொதிகலனும் ஒன்றாக ஓடினால் வீடே இருட்டாகும். மின்காரைச் சாதாரணச் செருகியில் இரவிரவாகச் சார்ஜ் போட முன் கேளுங்கள், பழைய கம்பிகள் சூடேறும்.

கழிவுநீர் பெரும்பாலும் நிலத்தடித் தொட்டிக்குத்தான் போகிறது. ஈரத்துடைப்பான், அணையாடை, பிளீச் எதுவும் அதற்குள் போகக் கூடாது. வடை பொரித்த எண்ணெயும்தான். ஆறவிட்டுப் போத்தலில் அடைத்து, ஊர்க் கழிவு சேகரிப்பிடத்தில் கொடுங்கள்.

சுவர்கள் முக்கால் மீற்றர் தடிப்பு என்றால் வைஃபை ஓர் அறையைத் தாண்டாது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் திசைவி இருக்கும் அறையைப் பிடித்துக்கொள்ளட்டும். அதே சுவர்தான் ஓகஸ்ட் வெயிலில் உங்களைக் காப்பாற்றும்: விடிய யன்னலெல்லாம் திறந்து, பத்து மணிக்கு முன் மரக்கதவுகளைச் சாத்திவிடுங்கள். நம்மவர்கள் காற்று வரட்டும் என்று மத்தியானம் திறந்துவிட்டு, பிறகு வேர்க்கிறது என்பார்கள்.

சமையலும் சத்தமும்

'குய்சின்' என்று பிரெஞ்சுக்காரர் சொல்வதும் நாங்கள் குசினி என்பதும் காதுக்கு ஒன்றுபோலத்தான். ஆனால் அவர்களுடைய குசினி பதினைந்து பேருக்குச் சோறு வடிக்கக் கட்டியதல்ல. இருக்கும் மிகப் பெரிய சட்டியில் ஆறு பேருக்கு சூப் வைக்கலாம். பெரிய பானையும் அகப்பையும் கொண்டுபோங்கள், அடுப்பு இண்டக்சன் என்றால் அதற்கு ஏற்ற பானை. 2015இலிருந்து எல்லா வீட்டிலும் புகைக் கருவி கட்டாயம். செத்தல் மிளகாய் தாளித்தால் அது கத்தும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். யன்னலைத் திறந்து தாளியுங்கள். கருவியின் பற்றரியைக் கழற்றாதீர்கள்.

வெளியே இறைச்சி சுடுவதற்கு முன் வறட்சிக்கால நெருப்புத் தடை இருக்கிறதா என்று ஊராட்சியில் விசாரியுங்கள். இரவு பத்து மணிக்குப் பின் சத்தம் போடுவது சட்டப்படியும் பிழை. பள்ளத்தாக்கில் ஒலி எவ்வளவு தூரம் போகும் என்று நகரத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டக்காரருக்கு முதல்நாளே ஒரு தட்டில் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிவிட்டால் மிச்ச நாட்கள் சுகம். நாங்கள் கொடுத்த முறுக்குக்கு ஒரு கூடை தக்காளியும் அரைப் போத்தல் வால்நட் எண்ணெயும் வந்தது.

அவசரத்துக்கு 112, மருத்துவ உதவிக்கு 15, தீயணைப்புக்கு 18. இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடைக்கு 3237. வீட்டின் சரியான முகவரியையும் வரும் வழியையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். காட்டுப்பாதையில் அம்புலன்சுக்கு வழிசொல்லத் தடுமாறுகிற நேரம் அதிகம்.

பார்க்கப் போனால்

ஒரு கிழமையில் மூன்று பயணம் போதும், மிச்சம் வீட்டில் இருங்கள். அதற்குத்தானே அந்தக் காசு. லாஸ்கோ குகையை 1940இல் கண்டுபிடித்தார்கள், மனித மூச்சே ஓவியங்களைக் கெடுப்பதால் 1963இல் பூட்டிவிட்டார்கள். இப்போது பார்ப்பது மோந்தினியாக்கில் 2016 டிசம்பரில் திறந்த முழுப் பிரதி. நேரம் குறித்த நுழைவுச்சீட்டு. பதினைந்து பேருக்கு ஒன்றாகக் கிடைக்க முன்பே பதிய வேண்டும். சார்லா சந்தை புதன், சனி காலையில். ஆற்றில் சிறுபடகு எடுத்து லா ரோக் கஜாக்கின் பாறை வீடுகளுக்குக் கீழால் பெய்னாக் கோட்டை வரை மிதந்து போகலாம். நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும். பாடகியும் நடனக்காரியுமான ஜோசபின் பேக்கர் பன்னிரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்து, கடைசியில் கடனில் இழந்த மிலாந்த் மாளிகையும் பக்கத்தில்தான். பெரிய பழைய வீட்டைப் பராமரிக்க எவ்வளவு செலவாகும் என்று அதைப் பார்த்தால் தெரியும். அதன் பிறகு எங்கள் மாமா வாடகை கூட என்று முணுமுணுப்பதைக் குறைத்துக்கொண்டார்.

வாத்துக்கறி நாடு இது. வெள்ளிக்கிழமை சைவக்காரருக்கு உணவகத்தில் ஓம்லெட்டும் சலாதும் மிஞ்சும்.

புறப்படும் காலை

பத்து மணிக்கு வெளியேற வேண்டும் என்றால் பத்து மணிக்கு. பின்னேரமே அடுத்த கூட்டம் வருகிறது. துப்புரவுக்குக் காசு கட்டியிருந்தாலும் பாத்திரம் கழுவி, குப்பையை வெளியே போட்டு, போத்தல்களைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மஞ்சள் கறை பிடித்த வெள்ளை விரிப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் பாதி போய்விடும். வீட்டுநிலைப் பத்திரத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்து, மின்மானியின் எண்ணைக் குறித்து, பிணைக் காசோலையை அங்கேயே கேளுங்கள். தபாலில் அனுப்புகிறோம் என்றால் எத்தனை நாளுக்குள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கட்டில்களுக்குக் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள். எங்கள் சார்ஜர் இரண்டு இன்னும் பெரிகோரில்தான் இருக்கின்றன.